வானொலியும் தீவு யாத்திரையும்

சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளத்திலே ஒரு வேப்பமரத்திற்கும் வீட்டு மாடிக்கும் இடையே 20 மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, அதனுடன் சிறியதொரு வானொலிக் கருவியை இணைத்தால், கொழும்பிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்களோடு பேசலாம் என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் இதில் மாயம் ஒன்றும் இல்லை. பூமிக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சூரிய கிரணங்களால் மின்னேற்றம் பெற்ற மண்டலம் ஒன்று இருக்கிறது. சிற்றலைகள் அதிலே பட்டுத் திரும்பி வெகு தூரத்தில் வந்து இறங்குகின்றன. சர்க்கார் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்றவர்கள், ஊதியம் கருதாமல் இவ்வாறு பேசி மகிழ்வதையே அமெச்சூர் வானொலி என்கிறோம்.

தமிழ் நாட்டுக்கு இது புதிதன்று. 1924-ம் வருஷத்தில், ஸி. வி. கிருஷ்ணஸ்வாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஏற்படுத்தி, அதே வருஷம் ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பவும் தொடங்கினார்கள். பணமுடையால் 1927-ல் அது நின்றுபோயிற்று. ஆனாலும் அவர்களுடைய கருவி சென்னை நகரசபைக்குச் சென்று, 1930-ல் நகரசபையின் ஒலிபரப்புக்கு வித்தாயிற்று. சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் வந்ததோ 1938-ல்தான். சர்க்கார் செய்யுமுன் பொழுதுபோக்குக்காரர்கள் செய்து காட்டினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இந்த அன்பர்களுக்கு ஒரு விசித்திரமான ஆசை உண்டு. எத்தனை தேசங்களோடு பேசினோம் என்று கணக்கு வைப்பார்கள். ஒவ்வொரு சம்பாஷணைக்கும் அத்தாட்சியாகக் கார்டு ஒன்றைத் தபாலில் பெற்றுச் சேர்ப்பார்கள். தாய்நாட்டிலிருந்து வெகுதூரம் விலகிய தீவுகளும் அவர்களுடைய பட்டியலில் தனி இடம் பெறும். அத்தகைய தீவில் அமெச்சூர் எவரும் இல்லாவிட்டால், யாரேனும் ஒருவர் கருவியையும் கம்பியையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்த்தானே ஆகவேண்டும்? கடற்கரையைப் பார்க்கப் பிரயாணம் செய்பவர்கள் உண்டு. இவர்களோ அங்கிருந்து பிறரோடு பேசுவதற்காகவே பிரயாணம் செய்கிறார்கள்.

நம் அந்தமான் நிக்கோபார் தீவுகள் அவ்வாறு உலகெங்கும் எதிர்பார்க்கப்பட்டவை. 1987-க்குப் பின் அங்கிருந்து அமெச்சூர் குரல் எழவில்லை. அதற்குச் சர்க்காரின் விசேஷ அனுமதி வேண்டியிருந்தது. விடாமுயற்சியால் அதைப் பெற்ற பாரதி பிரசாத் என்ற பெண்மணி, 2004-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சகாக்களோடு போர்ட் பிளேருக்குச் சென்றார். வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அவருடைய அழைப்புக் குறியைக் கேட்க உலகத்து அமெச்சூர்கள் இரவும் பகலும் காத்திருந்தார்கள்.

டிசம்பர் 26-ந் தேதி காலையில் நிலம் அதிர்ந்தது. பின்னர் கடல் பொங்கியது. தந்தி, டெலிபோன் எல்லாம் அறுந்தன. அந்த வேளையில் தீவில் பேசத்தக்க நிலையில் இருந்த சில சாதனங்களுள், விளையாட்டுக்காகக் கொண்டுவந்த அந்தக் கருவியும் ஒன்று! பாரதி அம்மையார் உடனே பொழுதுபோக்குப் பேச்சை நிறுத்திச் செய்தி அனுப்பலானார். சகாக்கள் கார் நிக்கோபாருக்கும் சென்று நிலையம் அமைத்தார்கள். தாய்நாட்டு அமெச்சூர்கள் அந்தச் செய்திகளை வாங்கி, கலங்கி நின்ற உறவினர்களுக்கு, “உங்கள் மனிதர் உயிரோடிருக்கிறார்” என்று தெரிவித்தார்கள்.

கைக்குக் கைபேசி இருக்கையில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசிக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். வெள்ளமும் புயலும் முதலில் வீழ்த்துவன அவையே. அமெச்சூருக்கோ ஒரு பாட்டரியும் கம்பியும் போதும். அன்றியும், ஆபத்து நேர்ந்த பிறகு இந்த வித்தையைக் கற்க முடியாது. ஓய்ந்த நாட்களில் விளையாட்டாகப் பழகியவர்களுக்கே அது கைகொடுக்கும்.

ஆகவே, பிள்ளையோ பெண்ணோ பழைய ரேடியோவைப் பிரித்துக் கம்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தால், வீண் வேலை என்று பெற்றோர் அதட்டவேண்டாம். 12 வயது நிறைந்தவர்கள் பரீட்சைக்குப் போகலாம். குருவிகுளம் போன்ற ஊர்களின் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் ஒருவர் முன்வந்தால், பத்துப் பிள்ளைகளேனும் இதைக் கற்பார்கள். அவர்களிற் சிலர் என்றேனும் தீவு யாத்திரையும் போவார்கள். கஷ்டகாலம் வந்தால் அவர்களால் தேசத்துக்குப் பெரும் உபகாரம் உண்டாகும்.