குதித்துப் பாருங்கள் சார்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் ஆபீஸ், இரும்புச் சட்டத்தின் மேல் ப்ளைவுட் அடித்த கேபின். அதற்கு டைல்ஸ் ஒட்ட முடிவானது. பட்ஜெட் போட்டது பி.காம். படித்த அடியேன்.

மேஸ்திரி நடுவில் நின்று ஒரு குதி குதித்தார். டேபிளில் இருந்த டம்ளரும் குதித்தது.

"தரை ஆடுது சார். டைல்ஸ் வளையாது, உடையும். ஊறின பலகையை மாத்தி, ஆணிக்குப் பதிலா ஸ்க்ரூ போடணும். மேல ஐ.எஸ். 710 ப்ளைவுட் இன்னொரு அடுக்கு, ஜாயிண்ட் மேல ஜாயிண்ட் வராம. பலகைக்குப் பலகை 3 மில்லிமீட்டர் இடைவெளி; மழைக்கு ஊதுமில்ல? சிமென்ட் பால் ஆகாது, மரம் தண்ணியக் குடிச்சிடும். வளைஞ்சு கொடுக்கிற டைல்ஸ் பசைதான் சரி."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு எதுக்கு மேஸ்திரி செலவு?" என்று அத்தனையையும் பட்ஜெட்டிலிருந்து அடித்தேன்.

ஐப்பசி மழை வந்தது. வாசலோர டைல்ஸ் தட்டினால் 'டொக்' என்றது. அடுத்தது விரிந்தது. முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினார். மனுஷர் என்னைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்! பாக்கிக் கூலியில் பிடித்தம். வவுச்சர் எழுதியதும் இந்தக் கைதான்.

நீங்களும் டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா? முதலில் ஒரு குதி குதியுங்கள். டம்ளர் ஆடினால் மேஸ்திரி பேச்சைக் கேளுங்கள். கேட்காவிட்டால், பழியையாவது நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்!