டிசைனரோடு பேச வேண்டியவர் யார்?

வீட்டின் உள்வேலைக்கு ‘இன்டீரியர் டிசைனர்’ ஒருவரை வைப்பது முன்பு கொழும்புப் பணக்காரர்களின் வழக்கம். இப்போது காத்தான்குடியிலும் அக்குறணையிலும் நடுத்தரக் குடும்பங்களே தேடுகின்றன. தேடட்டும், பிழையில்லை. கெட்டிக்காரர் ஒருவர் அகப்பட்டால் வீணாகப் போகும் பலகையும் டைல்ஸும் மிச்சமாகும். ஆனால் அவரோடு பேசுவது யார்?

பெரும்பாலும் கத்தாரிலோ சவூதியிலோ இருக்கும் கணவர், போனில். இல்லாவிட்டால் வாப்பா, நானா. நாளில் பாதியைக் குசினியில் கழிக்கப் போகிறவள் தேநீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். படத்தில் அழகாயிருக்கிறது என்று ‘திறந்த குசினி’க்குச் சம்மதமும் போய்விடுகிறது. பிறகு வெளி ஆண்கள் வரும்போதெல்லாம் அவள் தன் சொந்த அடுப்படியில் முக்காட்டோடு வேக வேண்டும், அல்லது அவர்கள் போகும்வரை அறைக்குள் அடைந்திருக்க வேண்டும். மீன் பொரித்த வாடை சோபாவில் ஏறுவது வேறு. பத்துப் பதினைந்து வருட வெளிநாட்டு உழைப்பில் எழுந்த வீடு இது! பின்னர் சுவர் வைக்கலாம்தான். பைப், கரண்ட், கபட் எல்லாவற்றையும் மாற்றும் செலவை யார் தருவது?

காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழியுண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா, பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கொழும்பில் அமைத்த வீடு நடுமுற்றத்தைச் சுற்றியது. தெருவுக்கு மூடி, உள்ளே திறந்தது. காலிக் கோட்டையின் பழைய வீடுகளிலும் முற்றம் உண்டு. சிறிய காணியில் முற்றத்துக்கு இடமில்லாவிட்டாலும், குசினிக்குப் பின்பக்கம் பெரிய யன்னல் ஒன்றைக் கேட்கலாமே.

ஆகவே சகோதரிகளே, முதற் சந்திப்பிலேயே நீங்களும் இருங்கள். கூச்சமாயிருந்தால் உம்மாவையோ ராத்தாவையோ பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்; பெண் டிசைனர்களும் இருக்கிறார்கள். வீடு எப்படி நடக்கிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுங்கள். சஹனில் சாப்பிடும் குடும்பமா? எட்டுக் கதிரை போட்ட மேசை ஹோலை நிறைத்துவிட்டால் பாய் விரிப்பது எங்கே? ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருக்க ஏழடிக்கு ஏழடி வெறுந்தரையாவது வேண்டும். சஹன்களையும் பெரிய சட்டிகளையும் முன்னால் வைத்து, அளந்து கபட் போடச் சொல்லுங்கள். குசினி மேடையை வழக்கமாக மூன்றடி உயரத்தில் கட்டுவார்கள். உயரம் குறைந்தவருக்கு அதில் நின்று வெட்டினால் தோள் நோகும். முழங்கையை மடக்கி, அதற்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே என்பது நல்ல கணக்கு.

தொழும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். கிப்லா என்றால் மேற்கு என்று சுவருக்கு நேரே கோடு போட்டுவிடுவார்கள். கொழும்பிலிருந்து அது நேர் மேற்கன்று. வடக்குப் பக்கமாகச் சுமார் 25 பாகை சாய்ந்திருக்கிறது. வீடு நேர் மேற்குப் பார்த்ததென்றால் முஸல்லா கோணலாகத்தான் விழும், அதற்கும் சேர்த்து இடம் விட வேண்டும். கமோட் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் பைப் புதைக்க முன்னரே சொல்லுங்கள். வுழூவுக்குக் காலைக் கழுவத் தாழ்வான பைப்பும் வழுக்காத தரையும் வேண்டும், வீட்டில் வயதான உம்மம்மா இருந்தால் கட்டாயம்.

இனிக் காசு. மொத்தச் செலவில் இத்தனை வீதம் என்று கூலி பேசினால், செலவு கூடக் கூட அவர் கூலியும் கூடும். ஒரே தொகையாகப் பேசுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கடைகளிடமிருந்து கமிஷன் வாங்குகிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள். கோபித்துக் கொண்டால் அதுவே பதில். எஸ்டிமேட்டில் ‘போர்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். எம்.டி.எப். பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும், சிங்கின் கீழ் அது உதவாது. என்ன பலகை, என்ன தடிப்பு, விலை எந்தத் திகதிவரை செல்லும் என்று எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது நினைவிருக்கும். அப்போது வாய்ப்பேச்சில் வேலை கொடுத்தவர்கள் பட்ட பாடும் நினைவிருக்கும்.

முழுக் காசையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். வேலை நடக்க நடக்கக் கொடுத்து, கடைசிப் பத்து வீதத்தைப் பிடித்து வையுங்கள். ஒவ்வொரு லாச்சியையும் நீங்களே இழுத்து, ஒவ்வொரு பைப்பையும் திறந்து பார்த்த பிறகு கொடுக்கலாம். அதுவரை அந்தக் காசை அனுப்ப வேண்டாமென்று கத்தாரில் இருப்பவரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள்.