கான்சஸ்ல ஒண்ணுமே இல்லையாம்!

அமெரிக்கப் பயணக் கட்டுரை எழுதுற நம்ம மக்கள்ல பலர் கான்சஸ் வந்ததும் ஒரே வரியைத்தான் எழுதுறாங்க. "மைல் கணக்கா சமவெளி, பார்க்க ஒண்ணுமே இல்லை, அடுத்த பதிவில் கொலராடோ மலை!" இன்னும் கொஞ்சம் யோசிக்கிறவங்க, "வறண்ட பூமி, அதான் ஊரெல்லாம் தானா செத்துப்போச்சு"ன்னு ஒரு காரணமும் சேர்த்துக்கறாங்க. அந்தத் 'தானா'வோடதான் எனக்குச் சண்டை.

ஒரே ஒரு ஊரை எடுத்துக்குவோம். ஐ-70 நெடுஞ்சாலைக்கு வடக்கே, கிரஹாம் கவுண்டியில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடகரையில் இருக்கும் நிக்கோடமஸ் டவுன்ஷிப்.

டவுன்ஷிப்னதும் கம்பெனிக் குடியிருப்புன்னு நினைச்சுக்காதீங்க. 1785 நிலச் சட்டப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமா நிலத்தை அளந்து, ஒவ்வொன்றையும் 36 துண்டாக்கினார்கள். ஒரு துண்டு 640 ஏக்கர். அதில் கால்வாசியை, அதாவது 160 ஏக்கரை, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்பவருக்குத் தருவதாகச் சொன்னது 1862 ஹோம்ஸ்டெட் சட்டம். கவுண்டிக்குள் இருக்கும் சின்ன நிர்வாகப் பிரிவுக்கும் டவுன்ஷிப் என்ற பேரே நிலைத்துவிட்டது.

அந்த நிலத்தை நம்பி 1877-ல் கென்டக்கியிலிருந்து நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் வந்தார்கள். அடிமைத்தனம் ஒழிந்து பன்னிரண்டே வருஷம். வந்து பார்த்தால் வீடு கட்ட மரம் கிடையாது. தரையைக் குடைந்து அதற்குள்தான் குடித்தனம். பலரிடம் ஏரும் இல்லை, மாடும் இல்லை. கணிசமானவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் வேட்டைக் கறி கொடுத்து உதவியதாக அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ஓசேஜ் மக்களே சில வருஷம் முன்னாடிதான் கான்சஸை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள்!

நிற்க. அப்படியும் ஊர் எழுந்து நின்றது. சர்ச், பள்ளிக்கூடம், ஹோட்டல், வங்கி எல்லாம் வந்தன. 1886-லும் 1887-லும் ஆளுக்கொன்றாக இரண்டு செய்தித்தாள்கள். நிக்கோடமஸில் குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882-ல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் ஜெயித்தார். இதுவா விளங்காத பூமி?

அப்புறம் என்னதான் ஆச்சு? ரயில்.

அந்தக் காலத்தில் தானியம் விற்க ரயில் வேண்டும். அதனால் 1887-ல் டவுன்ஷிப் மக்கள் ஓட்டுப் போட்டு, மிசௌரி பசிபிக் கம்பெனியை வரவழைக்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு நினைச்சுப் பாருங்க. அந்த ரயில் வரவே இல்லை. 1888-ல் யூனியன் பசிபிக் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி, தண்டவாளம் போட்டது. அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. நிக்கோடமஸ் கடைக்காரர்கள் பலர் கடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள்.

இப்ப சொல்லுங்க. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே மழை. மாறினது தண்டவாளம் மட்டும்தான். இதுக்குப் பேரு 'தானா'வா?

"சமவெளியில் எல்லாச் சின்ன ஊருக்கும் இதே கதிதானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 1930களின் புழுதிப் புயலும், பத்துப் பேர் வேலையை ஒரே ஆள் செய்ய வைத்த டிராக்டரும் எந்த ஊரையும் விடவில்லை. போக் ஊரும் இன்று சின்னதுதான். ஆனால் நிக்கோடமஸுக்கு முதல் அடி விழுந்தது 1888-ல். மற்ற ஊர்கள் வளர்ந்து அப்புறம் தேய்ந்தன. இதை வளரவே விடவில்லை. இன்னொண்ணும் கேளுங்க: நிக்கோடமஸுக்கு ஆள் சேர்த்த வெள்ளைக்கார நில வியாபாரி டபிள்யூ. ஆர். ஹில். அவர் பேரில் இருக்கும் ஹில் சிட்டிதான் இன்றைக்கும் கவுண்டித் தலைநகர்.

1953-ல் தபால் நிலையமும், 1960-ல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டன. இப்போது ஊரில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் 1878 முதல் கொண்டாடும் விடுதலை விழாவுக்கு ஒவ்வொரு ஜூலை கடைசியிலும் வம்சாவளியினர் எங்கெங்கிருந்தோ வந்து கூடுகிறார்கள். 1996-ல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுத் தலமாகவும் அறிவித்தது. 'ஒண்ணுமே இல்லாத' ஊருக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்?

அதனால மக்களே, அடுத்த தடவை கான்சஸைத் தாண்டும்போது ஒரு அரை நாள் ஒதுக்கி வடக்கே திரும்புங்க. காலியா இருக்கிற ஊரைப் பார்த்தா, இங்கே என்ன இருந்தது, யார் முடிவால போச்சுன்னு ஒரு கேள்வி கேட்டு எழுதுங்க. அதுக்கப்புறம் கொலராடோ மலையைப் பத்தி எத்தனை பாகம் வேணும்னாலும் போடுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன் :-)