பாஸ்வேர்டுக்கு உப்பு போட்டாச்சா?

மூலக்கொத்தளம் மளிகைக் கடைக்காரர் ஒருவர், சரக்கு சப்ளை கம்பெனிக்கு போன் போட்டார். "பாஸ்வேர்டு மறந்துடுச்சும்மா." எதிர்முனைப் பெண் அதை அப்படியே படித்துக் காட்டினாராம்! "நல்ல சர்வீஸ் சார்" என்று நம்மிடம் பெருமைப்படுகிறார் கடைக்காரர்.

சர்வீஸா அது? அந்தப் பெண்ணால் படிக்க முடிந்தால், உள்ளே புகுந்த திருடனாலும் முடியுமே!

பாஸ்வேர்டை அரைத்துத்தான் வைக்கணும். மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. நாம் அடுத்த முறை தட்டுவதையும் அரைத்து, மாவோடு மாவை ஒப்பிட்டால் போதும். இதுதான் 'ஹாஷ்'. அரைக்கும்போது ஆளுக்கொரு தனி உப்பும் சேர்க்கணும். 'சால்ட்' என்றே அதற்குப் பெயர் (நம்ம சால்ட் கோட்டர்ஸ் சால்ட்தான்!). உப்பில்லாவிட்டால் ஒரே பாஸ்வேர்டு வைத்த அத்தனை பேர் மாவும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று சிக்கினால் எல்லாரும் காலி.

மிஷினும் மெதுவாக ஓடணும். 2020-ல் பிக்பாஸ்கெட்டில் சுமார் 2 கோடி பேர் விவரம் திருடு போனது. பாஸ்வேர்டுகள் அரைத்துத்தான் இருந்தன. ஆனால் 'எஸ்.எச்.ஏ.-1' என்ற அதிவேக மிஷின்! திருடனும் அதே வேகத்தில் அரைத்துப் பார்ப்பானே? மெதுவாக அரைக்கும் 'பீகிரிப்ட்' 1999-லேயே வந்துவிட்டது. அதுவும் இலவசம்!

பேஸ்புக்கே அரைக்காமல் வைத்து 2019-ல் மாட்டியது. அயர்லாந்து 2024-ல் தீட்டிய அபராதம் 9.1 கோடி யூரோ.

நம்ம கடைக்காரர் இமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதானாம். உடனே மாத்துங்க என்றோம். "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்கிறார்.