சுருதி பிசகிய பெட்டி

மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் அன்னையார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய மகன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயின்று, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். இரண்டாண்டுகளாகத் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை டிரான்சிஸ்டரும் கம்பியும் வாங்குவதிலேயே செலவிட்டு, ஓசை எழுப்பும் பெட்டி ஒன்றைச் செய்து முடித்தார். சென்ற பொங்கல் விடுமுறையில் அதைப் பெருமையோடு லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, உறவினர் சூழ்ந்திருக்க இயக்கிக் காட்டினாராம். பாலக்காட்டில் சுத்தமாக ஒலித்த அப்பெட்டி, மூணாற்றின் விடியற்காலைக் குளிரில் அபசுரமாய் ஒலித்தது. கீழ் ஸாவைத் திருகிச் சரிசெய்தால் மேல் ஸா நிலை தாண்டி நின்றது. கூடியிருந்தோர் நகைத்தனர். அன்று பரண்மேல் ஏறிய பெட்டி இன்னும் இறங்கவில்லை. "இந்த வீண் வேலையை விட்டுவிடச் சொல்லி நாலு வார்த்தை எழுதுங்கள்" என்பது அன்னையாரின் வேண்டுகோள்.

அன்னையார் நம்மைப் பொறுத்தருள வேண்டும். அவர் கேட்ட நாலு வார்த்தைகளை நாம் எழுதப்போவதில்லை. அந்தப் பெட்டி ஏன் பிசகியது என்பதை விளக்குவதே நம் நோக்கம். காரணம் தெரிந்தபின் பரணிலிருந்து அதை இறக்கலாமா, வேண்டாமா என்பதை அந்த வீட்டார் தாமே முடிவு செய்துகொள்ளட்டும்.

இளைஞர் செய்தது மாடுலர் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியின் ஓர் உறுப்பு. ஓசையைப் பிறப்பிக்க ஒரு பெட்டி, அதன் நாதத்தை வடிகட்ட ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று எனத் தனித்தனியே செய்து, இடையே கம்பிகளால் இணைத்து வாசிப்பது இதன் முறை. அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் 1964-ஆம் ஆண்டில் இத்தகைய கருவியை உருவாக்கினார். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவரும் வேறு வழியில் அதே பணியில் ஈடுபட்டிருந்தார். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் வகுத்த அளவுகளைப் பின்பற்றியே இன்று உலகெங்கும் சிறு பட்டறைகள் இவ்வுறுப்புகளைச் செய்கின்றன. முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர்; மின்னூட்டம் கூட்டல் 12 வோல்ட், கழித்தல் 12 வோல்ட்.

இக்கருவியில் சுருதியை ஆள்வது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும்; அதாவது அதிர்வு இருமடங்காக வேண்டும். ஒரு ஸ்தாயியில் ஸ்வரஸ்தானங்கள் 12. ஆகவே ஒரு ஸ்வரஸ்தானத்துக்கு உரியது ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். இப்படி இருமடங்காக்கும் வேலையை டிரான்சிஸ்டர் இயல்பாகவே செய்கிறது. அறையின் வெப்பத்தில் அதன் வாயிலில் சுமார் 18 மில்லிவோல்ட் கூட்டினால் அதில் ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கும். ஆனால் அந்த 18 என்னும் எண் நிலையானது அன்று. ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் அது ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலாக மாறுகிறது. ஆயிரத்தில் மூன்று அற்பமென்று தோன்றலாம். கஞ்சிக்கோட்டில் தகரக் கூரையின்கீழ் 34 டிகிரியில் சுருதி சேர்த்த பெட்டியை, மூணாற்றில் 10 டிகிரிக் குளிரில் இயக்குவதாகக் கொள்வோம். வேறுபாடு 24 டிகிரி. மாற்றம் நூற்றுக்கு 8 பங்கு. ஸ்தாயியைப் பன்னிரண்டாய்ப் பகுத்தால் ஒரு பங்கு நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல். எனவே மேல் ஸா ஏறத்தாழ ஒரு முழு ஸ்வரஸ்தானம் தாண்டிவிடுகிறது. பொங்கலன்று அவ்வீட்டார் கேட்டது இதைத்தான். பெட்டி பொய் சொல்லவில்லை. பாலக்காட்டுக்கும் மூணாற்றுக்கும் உள்ள தட்பவெப்ப வேறுபாட்டை அது உள்ளபடியே கூறியது.

இப்பிழைக்கு மருந்து உண்டு. இயல்பில் ஒத்த இரண்டு டிரான்சிஸ்டர்களை எதிரெதிராக அமைத்தால், வெப்பத்தால் அவற்றில் தோன்றும் கசிவு மாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எஞ்சி நிற்கும் அளவுகோல் பிழையைச் சரிசெய்ய, வெப்பத்தோடு அதே விகிதத்தில் தடை உயரும் சிறப்பு மின்தடை ஒன்றை அந்த இணையோடு ஒட்டிவைக்க வேண்டும். சொல்வது எளிது, செய்வது அரிது. ஒரே உறையில் ஒத்த இணையாக வரும் சில்லுகள் விலை மிக்கவை. பழைய வகைகள் பல உற்பத்தியும் நின்றுவிட்டன. ஆதலால் பலர் சில ரூபாய் விலையுள்ள பி.சி. 547 வகை டிரான்சிஸ்டர்களில் நூறு வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து சோடி பொறுக்குகின்றனர். அளக்கும்போது விரலால் தொட்டாலும் கெட்டது! ஒரு டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் மாறும் பொருள் அது. விரலின் சூடே கணக்கைக் குலைத்துவிடும். இடுக்கியால் எடுத்து வைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாலைப்பொழுது முழுதும் இதில் கழிந்து நான்கு நல்ல சோடிகள் தேறினால் அதுவே பேறு.

இடர்கள் இத்துடன் முடிவதில்லை. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. மின்னூட்டப் பெட்டியும் தரையிணைப்பும் செம்மையாக அமையாவிடில், அந்த அலைவு எவரும் கேளாத சுருதியாய் இசையின் அடியில் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். மின்னூட்டம் தரும் பட்டைக் கம்பியை ஒருமுறை தலைகீழாய்ச் செருகினால் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் கருகிப்போகும். அதற்குக் காவலாக முதலிலேயே டையோடு வைப்பது அறிவுடைமை. இடுக்கி மலைகளில் ஆடிமாத ஈரம் மற்றொரு பகை. பற்றவைத்தபின் தகட்டில் எஞ்சும் பசை ஈரத்தை ஈர்த்து, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாய்க் கசியவிடும். அதனால் பிடித்து நிறுத்திய ஸ்வரம் மெல்ல நழுவும். ஆல்கஹாலால் கழுவி நன்கு உலர்த்தாத தகடு, மழைக்காலத்தில் தன் குறையைத் தானே வெளிப்படுத்திவிடும். உதிரிப் பொருள்களுக்குச் சென்னை ரிச்சி தெருவையோ பெங்களூரையோ நாட வேண்டும். அங்கும் கிடைக்காதவை கடல் கடந்து வரவேண்டும். முகப்புத் தகடு வெட்டித் துளையிடுவதற்கு மட்டும் நாம் வருந்த வேண்டியதில்லை. கோவையின் பட்டறைகள் நமக்கு மிக அருகில் இருக்கின்றன.

"கைப்பேசியிலேயே எல்லா ஓசையும் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எண்முறைக் கருவிகள் படிகத்தின் துணையால் சுருதி பிசகாமல் நிற்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விரற்கட்டைகள் கொண்ட கருவி, படிப்படியாக நிற்கும் ஸ்வரங்களையே தருவது. மின்னழுத்தமோ படியில்லாத சரிவு. அதில் ஸ்வரம் வழுக்கிச் செல்லலாம், அசையலாம். கமகத்தை உயிராகக் கொண்ட நம் இசைக்கு இது அயலானதன்று. இதைத் தம் கையாலேயே ஆராய விரும்பும் ஓர் இளைஞரை வீண் வேலை செய்பவர் என்று எவ்வாறு சொல்வது?

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1969-ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் கருவி ஒன்று நிறுவப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதை அமைத்துக் கொடுத்தார். நம்மவர் சிலர் அதில் இசை படைத்தனர். அஃது இறக்குமதியான கருவி. இங்கேயே செய்ததற்குச் சான்று வேண்டுமாயின் பெங்களூரை நோக்கலாம். விமானத் தொழிற்சாலையில் பொறியாளராய்ப் பணியாற்றியவரும் புல்லாங்குழல் இசைஞருமான ஜி. ராஜ் நாராயண், 1979-ஆம் ஆண்டில் ரேடல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, மின்னணுத் தம்பூராவையும் சுருதிப் பெட்டியையும் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரே மனிதரிடம் பொறியியலும் செவியும் கூடியதால் விளைந்த பயன் அது.

இன்னும் அண்மையிலேயே நமக்கு ஆசான்கள் இருக்கின்றனர். செம்பை வைத்தியநாத பாகவதரையும் பாலக்காடு மணி ஐயரையும் நாட்டுக்கு அளித்த இந்நிலத்தில், பாலக்காட்டை அடுத்த பெருவெம்பில் தலைமுறை தலைமுறையாக மிருதங்கமும் செண்டையும் மத்தளமும் செய்கின்றனர். தோல் வெயிலில் இறுகும், மழையில் தளரும் என்பதை அவர்களுக்கு எவரும் நூல் வழியே கற்பிக்கவில்லை. மிருதங்க வித்துவான் மேடை ஏறியதும் கல்லும் கட்டையும் கொண்டு தட்டிச் சுருதி சேர்க்கிறார். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார். அதைக் கண்டு சபையில் எவரேனும் நகைப்பதுண்டா? தோல் செய்வதையே டிரான்சிஸ்டரும் செய்கிறது. தோலின் குணத்தை அறிய நம் முன்னோருக்குப் பல தலைமுறை ஆயிற்று. இவ்விளைஞருக்கு நாம் இரண்டாண்டுகூடப் பொறுக்கவில்லை.

அன்னையாருக்கு நாம் சொல்வது இதுவே. தங்கள் மகன் தோற்கவில்லை. வேலையின் முதற்பாதியை முடித்து, மறுபாதியின் வாயிலில் நிற்கிறார். பணியை விட்டுவிட்டு இதில் இறங்குமாறு நாம் கூறமாட்டோம். இத்தகைய பொருள்கள் சிறு எண்ணிக்கையிலேயே விற்பவை; உடனே குடும்பத்தைத் தாங்கும் தொழிலாகா. மாத ஊதியத்தில் இவ்வளவுதான் இதற்கு என்று வரையறுத்துக்கொள்ளட்டும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வைத்து, கஞ்சிக்கோட்டிலும் மூணாற்றிலும் காலையும் மாலையும் சுருதியை அளந்து ஏட்டில் குறிக்கட்டும். இரண்டு தட்பவெப்பத்திலும் வீடுள்ளவர்க்கு இயற்கையே ஆய்வுக்கூடம். பெருநகரத்துப் பொறியாளர்கள் இதற்கெனத் தனிக் குளிர்பெட்டி வாங்க வேண்டியிருக்கும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். அலைகாட்டி ஒன்றும் நல்ல பற்றவைப்புக் கருவி ஒன்றும் தனியொருவர் வாங்க இயலாதவை. பலர் கூடினால் எளியவை. நூலகத்துக்கு இடம் ஒதுக்கிய நாம், ஒரு மேசையை இதற்கும் ஒதுக்கலாகாதா? பிழைப்புக்காக மலையேறி வந்த நம் பெற்றோர் தம் கைகளால் தேயிலை கிள்ளினர். அவர்கள் பிள்ளைகளின் கைகள் நுண்ணிய வேலையைக் கற்பது அவர்கள் பட்ட பாட்டின் பயனேயாகும்.

1940-ஆம் ஆண்டில் பள்ளிவாசலில் நீர் விழுந்து மின்சாரம் பிறந்தது. கேரளத்தில் அரசு நிறுவிய முதல் நீர்மின் நிலையம் அதுவே. அம்மலையிலேயே வாழும் ஓர் இல்லத்தில் மின்சாரம் பாடக் கற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு அப்பெட்டி பரணிலிருந்து இறங்கட்டும். அப்போதும் சுருதி சற்றே பிசகினால், வீட்டார் நகைக்காமல் எவ்வளவு பிசகிற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்களாக.