சங்கிலியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

2013 மார்ச்சில் ஒருநாள் பிட்காயின் இரண்டாகப் பிளந்தது. 0.8 பதிப்பு மென்பொருள் ஏற்றுக்கொண்ட ஒரு பிளாக்கைப் பழைய 0.7 பதிப்பு தள்ளிவிட்டது. பதிப்பு மாறியபோது தரவுத்தளத்தையும் மாற்றியிருந்தார்கள்; அதன் விளைவு இப்படி வெடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கணிப்பலத்தில் பெரும்பகுதி புதிய பதிப்பின் பக்கம் இருந்ததால், விதிப்படி அந்தச் சங்கிலிதான் வென்றிருக்க வேண்டும். ஆனால் மென்பொருளைப் பராமரித்தவர்கள் அரட்டை அறையில் கூடிப் பேசி, பெரிய மைனிங் பூல்களைப் பழைய பதிப்புக்குத் திரும்பச் சொன்னார்கள். பிடிசி கில்டு என்ற பூல், அதற்குள் ஈட்டியிருந்த வெகுமதியை விட்டுக்கொடுத்துப் பின்வாங்கியது. சில மணி நேரத்தில் பழைய சங்கிலி முந்திவிட்டது.

எந்த பிளாக்செயின் சிறந்தது என்ற வாதத்தில் வினாடிக்கு எத்தனை பரிவர்த்தனை, எத்தனை நோடுகள் என்ற கணக்குதான் முதலில் வரும். அவை நல்ல நாளின் கணக்குகள். ஒரு நெட்வொர்க்கின் உண்மையான அரசியல் சட்டம் கெட்ட நாளில்தான் வெளியே வருகிறது.

எத்தீரியத்துக்கு அந்த நாள் 2016 ஜூனில் வந்தது. 'தி டாவ்' என்ற கூட்டு முதலீட்டு நிதியின் நிரலில் இருந்த ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் வெளியேறியது. ஜூலை 20-இல் ஹார்டு ஃபோர்க் செய்து, அதாவது விதியை மாற்றிச் சங்கிலியைப் பிரித்து, அந்தப் பணத்தை மீட்டார்கள். எழுதியதை மாற்றக் கூடாது என்றவர்கள் பழைய சங்கிலியிலேயே எத்தீரியம் கிளாசிக்காக நின்றார்கள். கொள்கை காப்பாற்றப்பட்டது, காவலுக்குத்தான் ஆள் போதவில்லை. புரூஃப் ஆஃப் வொர்க் முறையில் பாதுகாப்பு என்பது எதிரி செலவழிக்க வேண்டிய மின்சாரமும் இயந்திரமும்தான். சிறிய சங்கிலியை வீழ்த்தும் அளவு கணிப்பலம் வாடகைக்கே கிடைக்கும். 2020 ஆகஸ்டில் மட்டும் கிளாசிக் மூன்று முறை, கணிப்பலத்தில் பாதிக்கு மேல் கைப்பற்றும் 51 சதவீதத் தாக்குதலுக்கு ஆளானது.

எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று புரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு மாறியது. மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. குறைந்தது 32 ஈதரைப் பணயம் வைப்பவர், பிளாக்குகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் ஆகலாம். ஏமாற்றினால் அந்த முதலுக்கே மோசம். ஆனால் அதிகாரம் குவிவது நின்றபாடில்லை. பிட்காயினில் 2014-இல் ஜிஹாஷ் என்ற ஒரே பூல் பாதிக் கணிப்பலத்தை எட்டியது என்றால், இங்கே லைடோ என்ற ஒரே சேவை வழியாகப் பணயம் வைக்கப்பட்ட ஈதர் ஒரு கட்டத்தில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. பணயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஒத்துழைக்க மறுத்தாலே பிளாக்குகளை இறுதியாக்க முடியாது.

வேகத்தை முன்னிறுத்திய சொலானா, 2021 செப்டம்பரில் பாட்களின் வெள்ளத்தில் சுமார் 17 மணி நேரம் நின்றுபோனது. வேலிடேட்டர்கள் டிஸ்கார்டில் கூடிப் பேசித்தான் அதை மீண்டும் ஓடவைத்தார்கள். அங்கே பணம் தப்பியது. ரோனின் என்ற நெட்வொர்க்கில் அதுவும் தப்பவில்லை. ஒன்பது வேலிடேட்டர்களில் ஐந்து பேரின் சாவி போதும் என்றது அதன் விதி. அந்த ஒன்பதில் நான்கு ஒரே நிறுவனத்தின் கையில். 2022 மார்ச்சில் ஐந்தும் திருடர் கைக்குப் போக, 1,73,600 ஈதர் பறிபோனது. ஆறு நாள் கழித்து, ஒருவர் பணம் எடுக்க முடியாமல் புகார் செய்த பிறகே விஷயம் தெரிந்தது.

நெருக்கடியில் மனிதர்கள் தலையிட்டதைக் குறையாகச் சொல்ல முடியாது. 2013-இல் அப்படித் தலையிட்டவர்களால்தான் பிட்காயின் பிழைத்தது. யார், எத்தனை பேர், எந்த நிலையில் தலையிடலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காததுதான் குறை. நெருக்கடி கால அதிகாரத்துக்கு வரம்பு கட்ட அரசுகளுக்கு நூற்றாண்டுகள் பிடித்தன. தன்னை யாராலும் நிறுத்த முடியாது என்று விளம்பரம் செய்யும் நெட்வொர்க்கை விட, இன்னார் சேர்ந்தால் நிறுத்தலாம் என்று எழுதிவைத்து, அந்தக் கூட்டத்தை ஆண்டுதோறும் பெரிதாக்கும் நெட்வொர்க்கை நம்பலாம்.