சித்தன்னவாசல் ரீங்காரமும் சைகடெலிக் ராக்கும்

சைகடெலிக் ராக் என்றாலே "கஞ்சா பாட்டுதானே" என்பார்கள் பாதிப் பேர். "எல்லாம் நம்மகிட்ட சுட்டதுதான்" என்பார்கள் மீதிப் பேர். ரெண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு ஓவியங்களுக்குப் பேர் போன சமணக் குடைவரை. அதன் உள்ளறையில் நின்று 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தால் அறையே சேர்ந்து முழங்கும். ஒரே சுரம்தான், ஆனால் மனசு அதிலேயே நின்றுவிடும். கச்சேரியில் தம்புரா செய்வதும் இதே வேலைதான்.

1966-ல் பீட்டில்ஸ் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு அடியில் ஓடவிட்டது இந்தத் தம்புரா நாதத்தை. பாட்டு கிட்டத்தட்ட ஒரே சுரத்தின் மேலேயே நிற்கும். மேலே, ஒலிநாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்ட விநோத சத்தங்கள். அதே வருடம் ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். அடுத்த வருடம் பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பம். இந்தச் சாயல் 90-களின் கோவா டிரான்ஸ் வரை நீண்டது.

பி.காம். மாணவனாகக் கணக்குச் சொல்கிறேன். சுருதி நாம் போட்ட முதல். எலெக்ட்ரிக் கிதாரும் ஸ்டூடியோ வித்தையும் அவர்கள் போட்ட முதல். இது திருட்டு இல்லீங்க, கூட்டு வியாபாரம்!

போதை? எல்.எஸ்.டி.க்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போதையில் வந்து தன் இசையைக் கேட்பதை ரவிசங்கரே வன்மையாகக் கண்டித்தார். மயக்கம் மாத்திரையில் மட்டுமா இருக்கிறது? விடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுரத்திலும் இருக்கிறது. அந்தப் பாட்டை ஒருமுறை ஹெட்போனில் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.